கொதிக்க வைத்தால் போகாது

கேள்வி: யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிறோம். எங்கள் கிணற்றில் நைத்திரேற்று கூடவாம். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? – வாசகி, நல்லூர்

பதில்: போதாது, தங்கச்சி. கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று உரத்திலும் மலக்கழிவிலும் இருந்து வந்து நீரில் கரையும் உப்பு. அது அப்படியே இருக்கும், நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே வேண்டாம். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலு குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

நம் நிலத்தடியில் வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். தோட்டத்து யூரியாவும் மலக்குழிக் கசிவும் பெரிதாக வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும். எனக்குக் கூடுதல் கவலை மலக்குழிதான். நகரத்தில் காணி சிறிது, வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி. அடி கட்டாத குழியை மூடிக் கசியாத தொட்டி கட்டுங்கள். நிரம்பினால் பவுசரில் அள்ளுவியுங்கள். அயலவரிடமும் பேசுங்கள், அவர்கள் குழியும் உங்கள் கிணறும் ஒரே கல்லில்தான் இருக்கின்றன.