சிசேரியனுக்குப் பிறகு சலம் ஒழுகுகிறது. வழக்குப் போட நாள் இருக்கிறதா?

கேள்வி: (ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.)

எனக்கு 31 வயது. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இரண்டாவது, வன்னியில் உள்ள ஓர் ஆதார வைத்தியசாலையில் பிறந்தது. ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஒன்பதாம் நாளிலிருந்து சலம் தானாகப் போகத் தொடங்கியது. அடக்க முடியவில்லை, படுத்தால் பாய் நனைந்தது. இரண்டு முறை திரும்பிப் போய்க் காட்டினேன். "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரிவரும்" என்று குளிசை தந்து அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் காட்டியபோதுதான் சலப்பைக்கும் பிறப்புவாசலுக்கும் இடையில் ஓட்டை என்றார்கள். ஓர் ஒப்பரேசன் செய்தும் முழுக்க அடைபடவில்லை, இன்னொன்று செய்ய வேண்டுமாம். ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். சிசேரியன் நடந்து இப்போது 17 மாதம். ஆஸ்பத்திரியில் என் கோப்பைக் கேட்டால் தர மாட்டோம் என்கிறார்கள். "நீர் கையெழுத்து வைத்துத்தானே ஒப்பரேசனுக்குப் போனீர்" என்றும் சொல்கிறார்கள். மாமியார், மகனுக்கு வேறு கலியாணம் பார்க்கப் போவதாகச் சொல்கிறா. நான் என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் நாட்கணக்கு. உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை, வழக்குக் காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவு. உங்களுக்கு 17 மாதம் போய்விட்டது. மிச்சம் ஏழு மாதம் என்று மனத்தை ஆற்றிக்கொள்ள வேண்டாம். அரசின் மீது வழக்குப் போடுவதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கோப்பு கைக்கு வர வேண்டும், வந்த கோப்பை ஒரு வைத்திய நிபுணர் படித்துப் பார்க்க வேண்டும். கழித்துப் பார்த்தால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது மூன்று, நான்கு மாதம்தான்.

"ஓட்டை என்று தெரிந்தது நான்கு மாதம் கழித்துத்தானே, அன்றிலிருந்து எண்ணலாமே" என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அது நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்கக்கூடிய விடயம்தான். ஆனால் வழக்கையே அதன் மேல் ஏற்றி வைப்பது வெள்ளம் வரும் குளக்கட்டில் குடிசை போடுவது போல. சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.

இனி, உடம்பில் நடந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். நான் சட்டத்தரணி, வைத்தியர் அல்ல, ஆனால் இந்த வழக்கு எங்கே நிற்கிறது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது. ஃபிஸ்டுலா என்று சொல்லப்படும் இந்த ஓட்டை உலகத்தில் பெரும்பாலும் வருவது, பிள்ளை வெளியே வர வழியில்லாமல் நாட்கணக்காகப் பிரசவவேதனை நீண்ட பெண்களுக்கு. பிள்ளையின் தலை இடுப்பெலும்போடு வைத்து நசிக்கும் இடத்தில் இரத்தம் ஓடாமல் சதை அழுகி விழுகிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே 1974இல் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். எங்கள் நாட்டில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில் நடப்பதால் அந்த வகை அரிது. இங்கே கூடுதலாகக் காண்பது சிசேரியன், கர்ப்பப்பை அகற்றல் போன்ற சத்திரசிகிச்சைகளின் பின் வருவதுதான். முதல் சிசேரியனின் தழும்பு சலப்பையைக் கர்ப்பப்பையோடு ஒட்ட வைத்திருக்கும். இரண்டாவது முறை அதைப் பிரித்தெடுக்கும்போது கவனமான கையும் பிசகலாம். கத்தி நேரே பட்டிருந்தால் பெரும்பாலும் உடனேயே ஒழுகத் தொடங்கியிருக்கும். தையல் தவறிப் பிடித்தோ, இரத்தவோட்டம் தடைப்பட்டோ சதை இறந்து போனால் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துத்தான் வெளியே தெரியும். உங்கள் ஒன்பதாம் நாள் இந்த இரண்டாவது கணக்குக்குள் வருகிறது.

ஆகவே நான் சொல்வது உங்களுக்கு முதலில் கசக்கும். சலப்பையில் ஓட்டை விழுந்தது என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்பீர்கள். காயம் வேறு, கவனயீனம் வேறு. எதிர்த்தரப்பு ஒரு பேராசிரியரைக் கூண்டில் ஏற்றி, "இது இந்தச் சத்திரசிகிச்சையின் தெரிந்த சிக்கல், உலகம் முழுக்க நடப்பது" என்று சொல்ல வைக்கும். அவர் சொல்வது பொய்யும் அல்ல.

உங்கள் வழக்கு ஒப்பரேசன் மேசையில் இல்லை. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு நீங்கள் திரும்பிப் போன அந்த இரண்டு தடவைகளில் இருக்கிறது. சிசேரியன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு பெண் வந்து, படுத்தாலும் நின்றாலும் சலம் ஒழுகுகிறது என்றால், ஒரு சாதாரண மகப்பேற்று வைத்தியருக்கு முதலில் வர வேண்டிய சந்தேகம் இதுதான். பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சலப்பைக்குள் நீலச் சாயம் கலந்த தண்ணீரை விட்டு, பிறப்புவாசலில் வைத்த பஞ்சு நீலமாகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அது. ஓட்டை சிறியதாக, புதியதாக இருந்தால் சில கிழமைகள் தொடர்ந்து கதீட்டர் போட்டு வைத்தாலே தானாக மூடிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

"எங்களிடம் யூரோலொஜி நிபுணர் இல்லை, ஸ்கேன் இல்லை, வன்னி ஆஸ்பத்திரியில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்" என்று பதில் வரும். இதற்கு எங்கள் சட்டத்தில் சுவையான ஒரு கதை இருக்கிறது. இலங்கையின் தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் பிழையால் இன்னொருவருக்கு நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டம், உரோமன் டச்சு வழி வந்தது. தென்னாபிரிக்காவிலும் அதே வழிதான். அதனால் தென்னாபிரிக்கத் தீர்ப்புகளை எங்கள் நீதிமன்றங்கள் மதித்துப் படிக்கும். 1924இல் அங்கே வான் விக் எதிர் லூயிஸ் என்ற வழக்கில், வயிற்றுக்குள் பஞ்சுத்துணி விடுபட்டதாகப் பிணக்கு. நாட்டுப்புற வைத்தியரிடமும் நகரத்து வைத்தியரிடமும் ஒரே அளவு கவனத்தை எதிர்பார்க்கலாம் என்றார் பிரதம நீதியரசர் இன்ஸ். கேப்டவுன் பெரியாஸ்பத்திரியில் கிடைக்கும் திறமையைச் சிற்றூரில் எதிர்பார்க்க முடியாது என்றார் அதே ஆயத்தில் இருந்த வெசல்ஸ். நூறு வருடம் போயும் இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் அதே தீர்ப்பையே தூக்கிக் காட்டுகிறோம்.

என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. நிபுணர் இல்லாதது அந்த வைத்தியரின் பிழை அல்ல. அதைக் குற்றமாகச் சொன்னால் நீதிபதியின் அனுதாபம் அவர் பக்கம் போகும், போகவும் வேண்டும். இரவு பகலாக நிற்கும் அந்த வைத்தியப் பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் தன்னிடம் இல்லாததை இருக்கும் இடத்துக்கு அனுப்புவது அவர் கடமை. மாற்றல் கடிதம் எழுத ஒரு தாள் போதும். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்புலன்ஸ் தினமும் போய் வருகிறது. சாயமும் பஞ்சும் மாற்றல் கடிதமும் இல்லாத ஆதார வைத்தியசாலை எது என்று கேளுங்கள். வழக்கு அந்தக் கேள்வியில் நிற்கட்டும்.

இன்னொரு பள்ளமும் உண்டு. குழந்தை வைத்திய நிபுணரான பேராசிரியர் பிரியானி சொய்சா மீதான வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தாலும் அதனால்தான் இந்தத் தீங்கு வந்தது என்று காட்டப்படாவிட்டால் வழக்கு நில்லாது என்று மாவட்ட நீதிமன்றம் கொடுத்த பெருந்தொகை நட்டஈட்டையே தள்ளிவிட்டது. அங்கே நோய் எப்படியும் காப்பாற்ற முடியாத ஒன்று. உங்கள் விடயத்தில், பத்தாம் நாளே பிடித்திருந்தால் ஓட்டை மூடியிருக்கும், அல்லது முதல் ஒப்பரேசனோடு முடிந்திருக்கும் என்று ஒரு நிபுணர் சொல்ல வேண்டும். அவர் "மூடியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மூடியிருக்கும் வாய்ப்பே அதிகம்" என்று சொல்ல வேண்டும். சின்ன நாடு, வைத்தியர்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒருவருக்கு எதிராக ஒருவர் வாய் திறக்கத் தயங்குவார்கள். வடக்குக்கு வெளியே ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடுவதே சுலபம்.

கையெழுத்து விடயத்துக்கு இரண்டு வரி போதும். ஒப்பரேசனுக்குச் சம்மதம் என்று வைத்த கையெழுத்து, கவனமில்லாமல் பார்க்கவும் சம்மதம் என்றாகாது. வீட்டுக்குப் போன பிறகு நடந்தவற்றுக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

இனிக் கோப்பு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "நோயாளியின் அந்தரங்கம், தர முடியாது" என்று பதில் வரும். இதைக் கேட்டு எத்தனை முறை சிரித்திருக்கிறேன் தெரியுமா? யாருடைய அந்தரங்கம்? அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மருத்துவப் பதிவுகளை மறைக்கச் சொல்வது உண்மை. ஆனால் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை போய்விடுகிறது. சம்மதக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே இணையுங்கள். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு உத்தியோகத்தரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

சும்மா "என் கோப்பு" என்று கேட்காதீர்கள். கட்டிலில் தொங்கிய பீ.எச்.ரீ. என்ற சிகிச்சைக் குறிப்பேடு முழுவதும், சத்திரசிகிச்சைக் குறிப்பு, தாதியர் எழுதிய சல அளவுப் பதிவு, நீங்கள் திரும்பிப் போன இரண்டு நாட்களின் வெளிநோயாளர், கிளினிக் பதிவுகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒப்பரேசனுக்குப் பின் சலம் சேரும் பையில் இரத்தம் கலந்திருந்தது என்று எவராவது எழுதியிருந்தால் அது உங்களுக்கு வரம்.

அதை விடப் பெரிய சாட்சி ஊரிலேயே இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு முதல் பத்து நாளுக்குள் குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வந்து பார்ப்பது அவவின் கடமை. உங்கள் எச் 512 கர்ப்பப் பதிவு அட்டையில் எழுதுவா. ஒன்பதாம், பத்தாம் நாளில் அவவிடம் சலம் ஒழுகுவதைச் சொன்னீர்களா? எழுதினாவா? அந்த அட்டையை வீட்டில் எங்கே வைத்தீர்கள் என்று இன்றைக்கே தேடுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, யாழ்ப்பாணத்தில் தந்த டயக்னோசிஸ் கார்ட், மாங்குளத்தில் இறங்கி ஏறிய பஸ் ரிக்கெற்றுகள், பாட் வாங்கிய கடைத் துண்டுகள் எல்லாம் ஒரு பையில் சேர வேண்டும். தொழிற்சாலைச் சம்பளச் சிட்டைகளும்தான். நட்டஈட்டில் இழந்த சம்பளமும் செலவும் கணக்குக் காட்டிக் கேட்பவை. உங்கள் உடம்பு பட்ட வேதனைக்குத் தனியாகக் கேட்கலாம்.

யார் மீது? 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அரசின் மீது தீங்கியல் வழக்கே போட முடியாது. இன்று, ஊழியர் செய்த பிழைக்கு அரசு பொறுப்பு. அரசுக்காகச் சட்டமா அதிபர் பெயரில் வழக்கு வரும். ஆதார வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாண நிர்வாகத்தின் கீழ் இருப்பதால் மாகாண சுகாதாரத் தரப்பையும் சேர்ப்போம், வைத்தியரையும் சேர்ப்போம். அறிவித்தலில் வழக்குக் காரணம், உங்கள் பெயர், வசிப்பிடம், கேட்கும் நிவாரணம் இவை இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் போய், ஒரு மாதம் கழிந்த பிறகே வழக்கு.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, அது எப்போதோ போய்விட்டது. இலங்கை மருத்துவச் சபைக்குச் சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு செய்யலாம், ஆனால் அது நட்டஈடு தராது. காசு இல்லை என்றால் 1978இல் அமைத்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; வருமானத்தைக் காட்டி இலவசமாகச் சட்டத்தரணி கேட்கலாம்.

சில வருடங்களுக்கு முன் இதே பிரச்சினையோடு ஒரு பெண் வவுனியாவில் என்னிடம் வந்தா. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. ஒரு மணித்தியாலம் நின்றபடியே கதைத்தா. பிறகுதான் எனக்கு விளங்கியது, கதிரை நனைந்துவிடும் என்று பயம். ஏழு வருடம் கோயிலுக்குப் போகவில்லையாம், பஸ்ஸில் யாராவது மூக்கைச் சுழித்தால் இறங்கி நடப்பாவாம். இரண்டு வருடக் கெடு எப்போதோ கடந்துவிட்டதால் என்னால் வழக்குப் போட முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் நாட்கணக்கை முதலில் சொன்னேன். வழக்கில் இதையெல்லாம் ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டி வருமோ என்று நீங்கள் யோசிப்பீர்கள். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையைக் காட்டி, சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கொடுப்பது நீதிபதியின் கையில், ஆனால் கேட்காமல் விட மாட்டோம்.

மாமியாரின் பேச்சுக்கு: நோய் எங்கள் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமே அல்ல. பிறர்மனை சேர்க்கை, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின் போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது இயலாமை, இவை மூன்றுதான். நீங்கள் மனைவியாக இருக்கும்போதே அவர் இன்னொரு கலியாணம் எழுதினால் அது குற்றம். விட்டுப்போனால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவு கேட்கலாம். கடிதத்தில் கணவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்துக்கு உங்களைக் கூட்டிப் போனவர் அவர்தான் என்றால், வழக்குக்கு முதல் சாட்சியும் அவரே.

இரண்டாவது ஒப்பரேசனை வழக்குக்காகப் பிற்போட வேண்டாம். சுகம் வந்தால் வழக்குப் பலவீனமாகும் என்று யாராவது சொன்னால் அவரிடம் திரும்பப் போகாதீர்கள். ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் வைத்தியர் எழுதித் தருவதை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள். வரும்போது எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோகொப்பி எடுத்து வாருங்கள். அசலை எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், எனக்கும்தான்.