விரல்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன: புதிய மருந்து ஆய்வுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 5 வயது. பிறந்ததிலிருந்தே லேசாக உரசினாலும் கொப்புளம் வந்து தோல் உரிகிறது. மரபணுப் பரிசோதனையில் ‘டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா’ என்று உறுதி செய்தார்கள். இப்போது இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் அடியில் ஒட்ட ஆரம்பித்துவிட்டன. வெளிநாட்டில் மரபணு ஜெல் வந்திருக்கிறதாம். அதுபோன்ற ஆராய்ச்சி ஒன்றில் சேர்க்கும்வரை கைக்கு எதுவும் செய்யாமல் இருக்கலாமா? ஆபரேஷன் செய்துவிட்டால் ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. நானும் கணவரும் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் இப்போதே வேண்டுமா என்பது வேறு விஷயம். ஆனால் கையைப் பாதுகாக்கும் வேலையை இன்று இரவே தொடங்கிவிடலாம். அதனால் எந்த ஆய்வின் கதவும் உங்கள் மகளுக்கு மூடிவிடாது.

மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைப்பவை ஏழாம் வகை கொலாஜனால் ஆன நுண்ணிய இழைகள். உங்கள் மகளுக்கு அந்தக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் பழுது இருப்பதால் பிடிமானம் இல்லை, தோல் கழன்று வருகிறது. அடுத்தடுத்த இரண்டு விரல்களும் புண்ணாகி, அருகருகே இருந்தபடியே ஆறும்போது இரண்டையும் சேர்த்து ஒரே தழும்புத் தோல் மூடிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புகள் தனித்தனியாகத்தான் இருக்கும். ஒட்டுவது தோல் மட்டும்தான். ஆனால் பல வருடம் அப்படியே விட்டால் மூட்டுகள் மடங்கி இறுகும், தசைநார்கள் குறுகும். அப்புறம் தோலை மட்டும் பிரித்தால் போதாது.

சரி, அந்த ஜெல். அதன் பெயர் விஜுவெக். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மே மாதம் அனுமதித்தது. நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸுக்குள் நல்ல கொலாஜன் மரபணுவை வைத்து, வாரம் ஒருமுறை புண்ணின் மேல் விடுகிறார்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 31 பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரியான இரண்டு புண்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மருந்தையும் மற்றொன்றில் மருந்தில்லாத ஜெல்லையும் தடவினார்கள். ஆறு மாதத்தில் மருந்து தடவிய புண்களில் 67 சதவீதம் முழுமையாக ஆறியிருந்தன, மற்றவற்றில் 22 சதவீதம். இது பெரிய முன்னேற்றம், எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. பிர்ச் மரப்பட்டைச் சாற்றிலிருந்து செய்த ஃபில்சுவெஸ் என்ற ஜெல்லின் ஆய்வில் 223 பேர். அதில் 45 நாளுக்குள் ஆறிய புண்கள் சுமார் 41 சதவீதம், மருந்தில்லாத ஜெல்லில் 29 சதவீதம். 2025-இல் நோயாளியின் சொந்தத் தோல் செல்களைத் திருத்தி வளர்த்து ஒட்டும் சிகிச்சைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த இரண்டு ஜெல் ஆய்வுகளும் முதன்மையாக அளந்தது குறிப்பிட்ட ஒரு புண் மூடியதா என்பதைத்தான். விரல்கள் எவ்வளவு விரிகின்றன, குழந்தையால் பென்சில் பிடிக்க முடிகிறதா என்பதை வைத்து அவற்றின் வெற்றி தீர்மானிக்கப்படவில்லை. புண் சீக்கிரம் ஆறினால் விரல் ஒட்டுவது குறையும் என்று நம்புவதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே இறுகிய தழும்பை ஜெல் பிரித்துவிடாது. எந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ‘இதில் எதை அளக்கிறீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள்.

இனி கைக்கு வருவோம். குளிப்பாட்டியபின், ஒட்டாத டிரெஸ்ஸிங்கை (சிலிகான் வலை, அல்லது வாசலின் காஸ்) மெல்லிய பட்டையாக வெட்டி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் அடிவரை படியும்படி வையுங்கள். இரண்டு முனைகளையும் புறங்கையில் குறுக்காகக் கொண்டுவாருங்கள். அதன்மேல் மென்மையான ரோல் துணிக்கட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கை மறந்துவிடாதீர்கள். அது சுருங்கினால் பிடிமானமே போய்விடும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும், நிறம் மாறினால் உடனே தளர்த்த வேண்டும். பிளாஸ்திரி எதுவும் தோலில் நேரடியாகப் படக் கூடாது. காலையில் கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். முதல் சில தடவை செவிலியரோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ (அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) பக்கத்தில் இருந்து சொல்லித்தருவது நல்லது. விரல்களை விரித்தபடி பிடித்துவைக்க இரவில் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற தாங்கியையும் (ஸ்ப்ளின்ட்) அவரிடமே அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். பகலில் கட்டை அவிழ்த்து விளையாட விடுங்கள். மாவு பிசைவது, தண்ணீரில் கையை விரித்து அளைவது எல்லாமே அவளுக்குப் பயிற்சிதான்.

கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடியாமல் போனால், அதாவது கட்டைவிரலால் கிள்ளி எடுக்கும் செயல் குறைந்தால், ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மட்டும் வேண்டாம். ஏனென்றால், பிரித்த விரல்கள் சில வருடங்களில் மறுபடி ஒட்டுவது இந்த நோயில் சாதாரணம். கட்டும் ஸ்ப்ளின்ட்டும் தொடர்ந்தால், மறுபடி ஒட்டும்வரையிலான காலம் நீளும். செய்வதானால், இந்த நோய்க் குழந்தைகளைக் கையாண்ட கை அறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் இடம் வேண்டும். மாஸ்க், மானிட்டர் ஸ்டிக்கர், ஊசியை நிறுத்தும் டேப் எல்லாமே இவர்கள் தோலை உரித்துவிடும். ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். நடமாட்டமும் ஊட்டமும் குறைவதால் இந்தக் குழந்தைகளின் எலும்பு வலுவிழப்பது அதிகம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். சில ஆய்வுகளில் அண்மையில் அறுவை செய்த இடத்தை அளவிட எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது உண்மைதான். ஆனால் விதிகள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆபரேஷன் நாள் குறிப்பதற்கு முன் ஆய்வு மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். எப்போது வரும் என்றே தெரியாத ஓர் ஆய்வுக்காக, தேவைப்படும் ஆபரேஷனைத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு எதுவாக இருந்தாலும் சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே பாருங்கள். நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்றும் கேளுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ‘ஸ்டெம் செல் போட்டால் தோல் மாறிவிடும்’ என்று லட்சங்களில் பேசும் இடங்களைச் சொல்கிறேன். முறையான ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கையெழுத்து போட்டபின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. உங்கள் மகள் ஏழு வயதைத் தொட்டபின் சேர்ந்தால் அவளுடைய வாய்மொழிச் சம்மதத்தையும் கேட்பார்கள். இப்போதே கூட என்ன செய்யப் போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மரபணு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், ஆய்வில் சேர முதலில் கேட்பது அதைத்தான். மாதம் ஒருமுறை விரல்களை விரித்தபடி ஒரே கோணத்தில் போட்டோ எடுத்துவைத்தால் கை எந்த வேகத்தில் மாறுகிறது என்று மருத்துவருக்கு அதுவே காட்டும்.

சொந்தத்தில் மணந்ததைக் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்கள் மகளின் அறிக்கையில் ஒடுங்கு வகை (ரிசசிவ், அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் வகை) என்று இருந்தால், நீங்கள் இருவரும் நோயில்லாமல் ஒரே பழுதைச் சுமப்பவர்களாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தையை யோசிக்கிறீர்கள் என்றால் கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். 11-ஆம் வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்க முடியும், அதற்கு உங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.