மலையேறும்போது மட்டும் கொதிக்கும் இன்ஜின்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய, ஏழு பேர் அமரும் டீசல் ஜீப் வகை வண்டி வைத்திருக்கிறேன். சமவெளியில் 80 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஆட்களோடும் சரக்கோடும் ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஏ.சி. ஓடினால் இன்னும் விரைவாக ஏறுகிறது. கூலண்ட் குறைவதில்லை. தெர்மோஸ்டாட்டையும் (சூடேறியதும் கூலண்டுக்கு வழிதிறக்கும் வால்வு) ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிட்டோம். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?
– வாசகர், சேந்தமங்கலம்

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். எப்போது சூடாகிறது, எப்போது சூடாவதில்லை என்பதை நீங்கள் தெளிவாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பழுது இருக்குமிடத்தை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. சமவெளியில் வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், ஃபேனுக்கு அங்கே அதிக வேலையில்லை. இரண்டாம் கியரில் சுமையுடன் மெதுவாக ஏறும்போதோ எதிர்க்காற்று கிடைப்பதில்லை. இன்ஜின் வெளியிடும் வெப்பம் மட்டும் கூடுகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டர் முழுவதுமாக ஃபேனை நம்பியே இருக்கிறது. ஆகவே, தண்ணீர் ஓடும் பாதையைவிடக் காற்று செல்லும் பாதையின் மீதுதான் என் சந்தேகம் முதலில் விழுகிறது. ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைபட்டிருந்தாலோ வாட்டர் பம்ப் பலவீனமாக இருந்தாலோ, நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓடும்போதும் முள் ஏறியிருக்க வேண்டும்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் ஃபேன் நேரடியாகச் சுழல்வதில்லை. சிலிகான் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் வழியாகச் சுழல்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடேறும்போது, கிளட்சின் முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிட, ஃபேன் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழலும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சுழல்வது போலத் தோன்றுமே தவிர, காற்றை இழுக்காது. இதைச் சோதிக்க வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாகத் தடுத்தால் கிளட்ச் நலமாக இருக்கிறது. தட்டாமாலைபோல் பல சுற்றுகள் சுழன்றுகொண்டே போனால் அது பழுதாகிவிட்டது. கிளட்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி படிந்திருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்லும். உங்கள் வண்டியில் மின் ஃபேன் இருக்குமானால் அதில் கை வைக்கவே கூடாது, இன்ஜின் நின்ற பிறகும் அது திடீரென்று சுழலத் தொடங்கும். ஏ.சி.யைப் போட்டவுடன் அது சுழல்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாலே போதுமானது.

அடுத்ததாக, ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விளக்கடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். உள்ளே மண்ணும் பூச்சியும் பதரும் சேர்ந்து கம்பளி விரித்ததுபோல் அடைத்திருக்கும். சர்வீஸில் கழுவுபவர்கள் பெரும்பாலும் முன்னாலிருந்து நீரை அடித்து, அழுக்கை மேலும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய தகடுகள் மடங்காத அளவு குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏதோ ஒரு வேலையின்போது கழற்றி, பட்டறை மூலையிலேயே விட்டுவிடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பதுதான். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருந்தால் அதற்கென்று தனி அடையாளங்கள் உண்டு: வெளியே கசிவில்லாமல் கூலண்ட் குறையும், குளிர்ந்த இன்ஜினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், கூலண்ட் பாட்டிலில் குமிழிகள் விடாமல் வரும், சில வண்டிகளில் ஆயில் பால்போல் வெளுக்கும். இவற்றில் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அப்படியும் ஐயம் தீராவிட்டால், கூலண்டில் சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்பதை நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு சோதிக்கும் கருவி பல பட்டறைகளில் இருக்கிறது. ஹெட்டில் கை வைப்பதற்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை மலையேற நேர்ந்தால், உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஏறாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். இன்ஜின் சுற்று கூடும்போது வாட்டர் பம்பும் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் சேர்ந்தே வேகமெடுக்கும். முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனாலும் இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறிவிடும். ஆவி வந்தாலோ கூலண்ட் ஒழுகினாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அவை இரண்டும் இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் சற்று உயர்ந்த சுற்றில் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஆறவையுங்கள். மூடியை மட்டும் அப்போது திறக்காதீர்கள். அந்த மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளேயுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று என் பிக்கப் வண்டியிலிருந்து அதைக் கழற்றிவிட்டார்கள். அதனால் கெடுதல் உண்டா?
– வாசகர், பரமக்குடி

பதில்: உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் சூடேறித் திறக்கும்போதே, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியை அடைத்தும் விடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினுக்குத் திரும்பும்; சுமை ஏற்றும்போது சூடு குறைவதற்கு மாறாகக் கூடும். சுமையில்லாத நாட்களில் இன்ஜின் தன் இயல்பான வெப்பத்தை எட்ட நெடுநேரமாவதால் டீசல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேய்மானமும் மிகும். ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும் வகையே பரவலானது. உங்கள் வண்டிக்கு உரிய அளவில் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். பழையதைப் பொருத்துவதானால், சூடாகும் நீரில் போட்டுத் திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க ஊற்றலாம், ஆனால் இன்ஜின் ஆறிய பிறகுதான். அப்படியே விட்டுவைத்தால் அந்த நீரிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அடுத்த சில நாட்களில் முழுவதையும் வடித்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீருடன் கூலண்டைச் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். நீர் சேர்க்காத கூலண்டை மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெப்பத்தைக் கடத்துவதில் நீரைவிடப் பின்தங்கியது. முன்கூட்டியே கலந்து விற்கப்படும் கூலண்டாக இருந்தால் மேலும் நீர் சேர்க்க வேண்டியதில்லை.