சிக்கனமும் வேண்டும், ஓட்டும்போது சந்தோஷமும் வேண்டும்: எந்த டீசல் ஹேட்ச்பேக்?

தினமும் 70 கி.மீ. ஓட்டுகிறீர்கள், செலவு குறையணும், ஆனால் வண்டி சப்பென்று இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்டி பரவாயில்லை என்றால் என் பதில் 2015-க்குப் பிறகு வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல்.

காரணம் எளிது. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த இழுவை 1750 ஆர்பிஎம்மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 1750 முறை சுழலும்போதே வந்துவிடுகிறது. லாரியை முந்த கியர் குறைக்கத் தேவையில்லை, காலை அழுத்தினால் போதும். பதறாமல் ஓட்டினால் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 கி.மீ. கிடைக்கும்.

மாருதி ஸ்விஃப்டின் 1.3 டீசலும் அருமையான எஞ்சின்தான், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தம். நகர நெரிசலில் கியர் மாற்றியே கை வலிக்கும். ஃபோக்ஸ்வேகன் போலோ டீசலின் ஸ்டீயரிங் பிடித்தால் விட மனசு வராது, பராமரிப்புச் செலவு மட்டும் கூடுதல்.

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தது, பிறகு நிறுத்தியும் விட்டது. அதனால் உங்கள் ஊரில் சர்வீஸ் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைமிங் பெல்ட் (எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் பட்டை) மாற்றிய ரசீதையும் கேளுங்கள். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

அப்புறம், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். பின்னால் கரும்புகை திரண்டாலோ, ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டாலோ, அந்த வண்டி வேண்டாம்.