சாட்சி இல்லாமல் மலைமேல் திருமணம்

ஜூலையில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் இருவர் மட்டுமாக மணம் முடிக்கலாமா, சாட்சிக்குக்கூட ஆளில்லையே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடிக்கலாம். பூங்கா இருக்கும் அமெரிக்க மாநிலமான கொலராடோவில் புரோகிதரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். உங்கள் இருவரின் கையெழுத்தே போதும். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகம் தரும் திருமண உரிமம் 35 நாள்தான் செல்லும், முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். பூங்காவின் அனுமதி தனி. இருவர்தானே என்று அதை விட்டுவிட வேண்டாம். அட்சதை தூவவும் தடை.

இடத்துக்குப் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்பிரேக் ஏரியைக் கேளுங்கள். விடியலில், காற்று எழுவதற்குள், எதிர்மலை முழுதும் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். மாலை முகூர்த்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜூலையில் மதியம் திரும்பினால் இடி மின்னல் வந்துவிடும். பூங்காவுக்குள் 3,713 மீட்டர் வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையில், மரமே முளைக்காத அந்த வெளியில், நீங்கள் இருவரும்தான் உயரமாக நிற்பீர்கள்.