அரபு வேறு, முஸ்லிம் வேறு: எங்கே தொடங்குவது?

வணக்கம் நண்பரே. லெபனான் பற்றிய எம்.ஏ. ஆய்வேட்டில் 'அரபு', 'முஸ்லிம்' இரண்டையும் ஒரே பொருளில் எழுதியதால் கைடு முதல் அத்தியாயத்தைத் திருப்பிவிட்டார், எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். அரபு என்பது மொழி சார்ந்த அடையாளம், முஸ்லிம் என்பது மத அடையாளம்; இந்த வேறுபாட்டைக் காட்ட லெபனானைவிட நல்ல இடம் கிடைக்காது.

1860-இலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு லெபனான் மலைப்பகுதியில் துரூஸ்களுக்கும் (இஸ்லாத்திலிருந்து கிளைத்த தனி மதப்பிரிவினர்) மரோனைட் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ரத்தம் காய்வதற்குள் பெய்ரூத்தில் எழுத்தாளர் புத்ருஸ் அல்-புஸ்தானி துண்டறிக்கைகள் வெளியிட ஆரம்பித்தார், மொத்தம் 11. 'தாய்நாட்டின் மக்களே' என்றுதான் விளிப்பார். கீழே அவர் பெயர் இருக்காது, 'நாட்டை நேசிப்பவன்' என்று மட்டும் இருக்கும். ஒரே தண்ணீரைக் குடிக்கிறோம், ஒரே மொழியைப் பேசுகிறோம், பிறகென்ன பகை என்பதே அவர் கேள்வி. இத்தனைக்கும் அவர் மரோனைட்டாகப் பிறந்து புராட்டஸ்டன்ட் ஆனவர். அரபு மொழியை அடையாளமாக்க உழைத்தவர்களில் கிறிஸ்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மறுபக்கத்தையும் எழுதுங்கள். தங்களை அரபு என்று சொல்லாமல், பழங்காலத்தில் அந்தக் கடலோரத்தில் வாழ்ந்த பினீசியர் வழிவந்தவர்கள் என்று சொல்லும் மரோனைட்டுகளும் உண்டு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. மத வாரியான சதவீதம் எழுதினால் 'மதிப்பீடு' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். அங்கே கடைசி அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்பு 1932-இல் நடந்தது. ஜனாதிபதி மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று பதவிகளையே மதப்பிரிவுப்படி பங்கிட்ட நாடு, புதிதாக எண்ணிப் பார்க்கத் தயங்குகிறது. சரி, திருத்திய வரைவை இங்கேயே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.