கேள்வி பதில்: தென்னையின் அடிமட்டை மஞ்சளாவது ஏன்?

குடியாத்தம் பக்கம் 12 வயதுத் தென்னந்தோப்பு. ஆண்டுக்கு மரத்துக்கு 2 கிலோ பொட்டாஷ் (பொட்டாசிய உரம்) வைத்தும் அடிமட்டைகள் மஞ்சளாகின்றன. இலைப் பரிசோதனைக்கு எந்த மட்டையை எடுப்பது?

பதினான்காவது மட்டையை. குருத்தை விட்டு, முழுதாக விரிந்த முதல் மட்டையை ஒன்று என்று வைத்துக் கீழ்நோக்கி எண்ணுங்கள். கைமுட்டி அளவுக் காய்க்குலை அதன் கக்கத்தில் இருக்கும். மட்டையின் நடுவில் இருபுறமும் மூன்று மூன்று ஓலை எடுத்து, ஈர்க்கை நீக்கி, நடுப்பகுதியில் 10 செ.மீ. மட்டும் வெட்டுங்கள். ஒரே ரகம், ஒரே வயதுள்ள 20 மரங்களாவது வேண்டும். மஞ்சள் மரத்தையும் பச்சை மரத்தையும் தயவுசெய்து கலக்காதீர்கள்; கலந்தால் சராசரி சரியாகத் தெரியும், குறை மறைந்துவிடும். இரண்டு மாதிரிகளாகவே அனுப்புங்கள். காலையில் எடுத்து, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும். நுண்ணூட்டம் தெளித்த கையோடு எடுத்தால் முடிவு பொய்யாகும்.

உங்களுக்கு மக்னீசியக் குறை இருக்கலாம். பொட்டாஷ் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். ஓலை நுனி மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டிய அடிப்பகுதி பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. ஆரஞ்சுப் புள்ளிகளோடு நுனி கருகினால் பொட்டாஷ் குறை. முடிவில் மக்னீசியம் 0.2 சதவீதத்துக்குக் கீழே, பொட்டாசியம் 1 சதவீதத்துக்கு மேலே என்றால் மக்னீசியம் சல்பேட் மரத்துக்கு 500 கிராம், ஈரமுள்ள வட்டப்பாத்தியில் இடுங்கள். மஞ்சளான மட்டை மீண்டும் பச்சையாகாது. புது மட்டைகளைப் பாருங்கள். கூடவே மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விசாரியுங்கள்.